மாற்றியமைத்த பழைய டீசல் ஜீப்பை விற்பது எப்படி? மலையக உரிமையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லிஃப்ட் அடித்து உயர்த்தி, பெரிய டயர் போட்டு, எஞ்சினையும் மாற்றிய பழைய டீசல் ஜீப்பை விற்பது, ஒரு வேகன்ஆரை விற்பது போன்ற வேலையல்ல. வேகன்ஆருக்குச் சந்தை விலை உண்டு. ஆண்டையும் ஓடிய கிலோமீட்டரையும் சொன்னால் யாரும் ஒரு தொகை சொல்லிவிடுவார்கள். சீரீஸ் லேண்ட் ரோவருக்குள் இசுசு எஞ்சின் ஏற்றிய வண்டிக்கோ, ஸ்பிரிங் உயர்த்தி, சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் பூட்டிய மிட்சுபிஷி 4டீஆர்5 ஜீப்புக்கோ அப்படி ஒரு விலை கிடையாது. ஒவ்வொன்றும் தனி வண்டி. அதை வாங்குகிறவரும் தனி ஆள்தான்.

நுவரெலியா, வெலிமடை, ராகலை, பொகவந்தலாவை என்று எங்கள் பக்கம் இப்படிப்பட்ட வண்டிகள் ஏராளம். தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர்கள், பழைய பீஜே லேண்ட் குரூஸர்கள், ஹைலக்ஸ்கள் எல்லாம் கை மாறி, கராஜ் மாறி, இன்றும் ஏற்றம் ஏறுகின்றன. இவற்றை விற்கும்போது பலர் வின்ச்சையும் டயரையும்தான் முன்னால் வைக்கிறார்கள். காசோடு வருகிற ஆளின் முதல் கேள்வி வேறு: “புத்தகத்துல என்ன எஞ்சின் இருக்கு அண்ணே?” பதிவுப் புத்தகமும் இரும்பும் ஒரே கதையைச் சொன்னால் வண்டி நல்ல விலைக்குப் போகும். சொல்லாவிட்டால் எவ்வளவு அழகான வண்டியும் உதிரிப்பாக விலைக்குத்தான் போகும். அதனால் விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

புத்தகத்தோடு வண்டியிடம் போங்கள்

பதிவுப் புத்தகத்தின் பிரதி ஒன்று, டோர்ச், பழந்துணி எடுத்துக்கொண்டு வண்டியடியில் உட்காருங்கள். செசி (அடிச்சட்டம்) இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை, நிறம், வாகன வகுப்பு, ஆசன எண்ணிக்கை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெற்றோலில் பிறந்த லேண்ட் ரோவர் இன்று டீசலில் ஓடுகிறதென்றால் புத்தகத்திலும் டீசல் என்று இருக்க வேண்டும். பச்சை வண்டியை மணல் நிறமாக்கியிருந்தால் அதுவும் பதியப்பட்டிருக்க வேண்டும். லொறி வகுப்பா, இருபயன் வாகனமா, கார் வகுப்பா என்பது வாங்குகிறவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வருடாந்தக் கட்டணத்தையும் பாதிக்கும்.

செசி இலக்கத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். பழைய ஜீப் ஒன்றின் புத்தகத்தை வைத்துக்கொண்டு வேறு உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய வண்டிகள் நாட்டில் பிடிபட்டிருக்கின்றன. அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் அங்கேதான் குனிந்து பார்ப்பார். இலக்கம் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டு மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கிரைண்டர் வேண்டாம். தெளிவாகத் தெரியட்டும் என்று மேலே மறுபடி பஞ்ச் அடிக்கவே வேண்டாம். நல்ல மனதோடு செய்தாலும் அது மோசடி போலத்தான் தெரியும். சுத்தம் செய்ததும் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். படமும் எடுங்கள்.

எஞ்சின் மாற்றம் பதியப்படவில்லையா? விற்பதற்கு முன் பதிந்துவிடுவதே என் திடமான ஆலோசனை. எஞ்சின் வாங்கிய ரசீது, அதன் இறக்குமதி ஆவணத்தின் பிரதி, மாற்றிய கராஜின் கடிதம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் நடைமுறையைக் கேளுங்கள். மோட்டார் வாகனப் பரிசோதகர் வண்டியைப் பார்க்க வேண்டியிருக்கும். இது அலைச்சல்தான். ஆனால் இந்த அலைச்சலை வாங்குகிறவர் தலையில் கட்டினால் அதற்கு அவர் கழிக்கும் தொகை உங்கள் பஸ் செலவைவிடப் பல மடங்கு இருக்கும். 2025 ஜனவரியில் ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிகப் பாகங்களைப் பொலிஸார் கழற்றச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின் வெளியில் தெரிகிற எந்த மாற்றத்தைப் பற்றியும் வாங்குகிறவர்கள் கூடுதலாக விசாரிக்கிறார்கள்.

அடுத்தது ஓபன் பேப்பர். புத்தகம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்து, அவர் கையெழுத்திட்ட படிவங்களை வைத்து நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால், முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கையெழுத்திட்டவர் வெளிநாடு போயிருக்கலாம், இறந்திருக்கலாம். இறந்திருந்தால் வாரிசுகளின் ஆவணங்கள் தேவைப்படும். அதற்கு ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பதே சுருக்கமான வழி. லீசிங்கில் எடுத்த வண்டியென்றால் கடன் முடிந்ததோடு வேலை முடியாது. புத்தகத்தில் முழு உரிமையாளராக அந்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமல் கிடக்கும். விடுவிப்புக் கடிதம் வாங்கி அதையும் நீக்குங்கள்.

வருடாந்த லைசன் காலாவதியாகியிருந்தால் பிரதேச செயலகத்தில் நிலுவையைக் கேட்டு முடித்துவிடுங்கள். அதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகையைப் பற்றிக் கீழே வருகிறேன்.

வாங்கப் போவது யார்?

மலையகத்தில் இந்த வண்டியைத் தேடி மூன்று விதமானவர்கள் வருகிறார்கள். மூவருக்கும் ஒரே வண்டி பிடிக்காது.

முதலாமவர் மரக்கறித் தோட்டக்காரர். கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் மூட்டையாக இறக்க வேண்டியவர். அவருக்கு வேண்டியது பாரம் தாங்கும் ஸ்பிரிங்கும், கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரி கிடைக்கும் எஞ்சினும். ஆறு இஞ்ச் லிஃப்ட் அவருக்குத் தொல்லை. மூட்டையை அவ்வளவு உயரம் தூக்க வேண்டுமே.

இரண்டாமவர் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் பிழைப்பவர். ஹோட்டன் சமவெளிக்கும் நக்கிள்ஸ் பக்கமும் ஓட்டுகிறவர். ஆசன எண்ணிக்கை, காப்புறுதி, பார்வைக்கு நல்ல பொடி, நின்றுவிடாத எஞ்சின் இவையே அவருக்கு முக்கியம். பதியப்படாத மாற்றம் இருந்தால் விபத்து நேரத்தில் காப்புறுதி நிறுவனம் நழுவலாம் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாமவர்தான் ஓஃப் ரோட் பிரியர். பெரும்பாலும் கொழும்பு, கண்டியிலிருந்து வருவார். டிஃப் லொக் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு), வின்ச், ஸ்நோர்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாய்) ஆகியவற்றுக்கு உண்மையான மதிப்புக் கொடுப்பவர் இவர் ஒருவரே. ஆனால் வேலையின் தரத்தையும் இவரே நன்றாகக் கண்டுபிடிப்பார். வெல்டிங் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தே ‘இது எந்த பாஸ் (மெக்கானிக்) செய்தது?’ என்று கேட்பார்.

உங்கள் வண்டி யாருக்கானது என்று முதலில் முடிவு செய்யுங்கள். விலை, படம், விளம்பரம் எல்லாம் அதற்கேற்ப மாறும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் குவிவார்கள். மூன்றாவது வகையினருக்கு விற்பதென்றால் மார்ச்சிலேயே விளம்பரம் போட்டுவிடுங்கள். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மழைக்குள் நின்று செசி பார்க்க யாரும் விரும்பமாட்டார்கள்.

கழற்றுவதா, விடுவதா, என்ன விலை சொல்வது?

வண்டியில் போட்ட காசு முழுதாகத் திரும்பி வராது. இதை ஏற்றுக்கொண்டுதான் விலையைப் பற்றி யோசிக்க வேண்டும். பத்து இலட்சத்துக்கு வேலை செய்தேன் என்பதற்காக வண்டி விலையில் பத்து இலட்சம் கூடாது. அந்த வேலை உங்கள் விருப்பத்துக்கானது.

இப்படிச் செய்யுங்கள். அதே மொடல், அதே எஞ்சின், மாற்றம் எதுவும் இல்லாத நல்ல வண்டி இப்போது என்ன விலைக்குக் கேட்கப்படுகிறது என்று இக்மன், ரியாசெவன விளம்பர இணையத்தளங்களில் சில வாரங்கள் கவனியுங்கள். கேட்கும் விலையும் விற்கும் விலையும் வேறு. ஆகவே மறைந்துபோன விளம்பரங்களையும், பல வாரமாக அப்படியே கிடக்கிறவற்றையும் குறித்துவையுங்கள். அதுதான் அடித்தளம். அதன்மேல் வாங்குகிறவருக்குப் பயன்படும் பாகங்களுக்கு மட்டும், பழைய பொருள் விலையில் ஒரு தொகை கூட்டுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகள் விலையேறியதைப் பார்த்த மனது இன்னும் அதே தொகையைக் கேட்கும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

வின்ச், கூடுதல் விளக்குகள், கூரை ரெக், நல்ல நிலையில் உள்ள மட் டயர் இவையெல்லாம் தனியாக விற்றால் பல சமயம் அதிகம் கிடைக்கும். பழைய ரிம்மும் ஸ்பிரிங்கும் பம்பரும் உங்கள் ஸ்டோரில் கிடந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தோட்டக்காரருக்கு விற்பதென்றால் அவற்றைத் திரும்பப் பூட்டி, மற்றவற்றைத் தனியாக விற்றுவிடலாம். பிரியருக்கு விற்பதென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பழைய பாகங்களை மூட்டையாகக் கூடவே கொடுங்கள். ஸ்நோர்கலைக் கழற்றினால் பொடியில் ஓட்டைதான் மிஞ்சும். டிஃப் லொக்கைக் கழற்றும் கூலி அதன் விலையில் பாதியைத் தின்றுவிடும். இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: விளம்பரத்தில் படம் போட்ட பிறகு எதையும் கழற்றாதீர்கள். கழற்றுவதைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள்.

காசு போட வேண்டிய இடம் பிரேக்

விற்கப் போகும் வண்டிக்கு முழுப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. அதைவிடச் சந்தேகத்தையும் கிளப்பும். புதுப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று நினைப்பார்கள். அந்தக் காசை பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் போடுங்கள். இந்த வண்டி இறம்பொடை இறக்கத்திலோ கினிகத்தேனை வளைவுகளிலோ யாரோ ஒருவரின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கப் போகிறது. பிரேக் குறையை மறைத்து விற்பதை நான் வியாபாரமாகவே எண்ணமாட்டேன்.

எஞ்சின் மாற்றிய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வெக்கியூம். பெற்றோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போதே அதன் மெனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் சர்வோ அதில் வேலை செய்யும். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் போதாது. அதனால் தனியாக வெக்கியூம் பம்ப் வேண்டும். பல ஜப்பான் டீசல் எஞ்சின்களில் அது ஓல்டர்னேட்டரோடு சேர்ந்தே வரும். யாராவது ஓல்டர்னேட்டரை மாற்றும்போது பம்ப் இல்லாததைப் பூட்டியிருந்தால் பெடல் கல்லாகிவிடும். சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பல தடவை மிதித்து இறுகச் செய்யுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது.

அடுத்து லிஃப்ட். ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டுப் பழைய நீளத்திலேயே பிரேக் ஹோஸை விட்டிருப்பார்கள். செசியை ஜாக்கியில் உயர்த்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் நீளமானது போட வேண்டும். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடியதால் யுனிவர்சல் ஜொய்ன்ட் தேய்ந்து, குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். ஸ்டியரிங் ரொட்டின் முனைகளையும் பாருங்கள்.

பெரிய டயரின் விளைவைப் பலர் ஓட்டும்போது கவனிப்பதில்லை. 235/75 அளவுள்ள 15 இஞ்ச் டயரின் உயரம் கிட்டத்தட்ட 29 இஞ்ச். அதற்குப் பதில் 33 இஞ்ச் டயர் போட்டால், மீட்டர் 40 காட்டும்போது வண்டி 45க்கு மேல் ஓடும். கிலோமீட்டரையும் குறைவாகத்தான் எண்ணும். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் பிடிப்பதும் குறையும். அந்தச் சுமை முழுவதும் பிரேக்குக்குத்தான் போகிறது. இதை வாங்குகிறவரிடம் வாயால் சொல்லுங்கள். கீழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இது தெரியாமலிருக்கலாம்.

இனிப் புகை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்றுக் குறைந்து, டீசல் அளவு அப்படியே இருந்தால் கறுப்புப் புகை வரத்தான் செய்யும். அதோடு ‘இழுவை’ கூட வேண்டும் என்று யாராவது டீசல் பம்ப்பின் ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூட்டியிருந்தால் பரிசோதனையில் தேறுவது கடினம். நல்ல பம்ப் பாஸிடம் கொடுத்துச் சரியான அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். எயார் ஃபில்டரை மாற்றி, டீசலைத் தெளிக்கும் நொசில்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். நீலப் புகையென்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டைமிங், நொசில், அல்லது தண்ணீர் உள்ளே போவது. இவை திருத்தக் காசு வேண்டிய விஷயங்கள். திருத்த முடியாவிட்டால் விலையில் காட்டுங்கள்.

ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்யட்டும். ஜனவரிக் குளிரில் காலை வேளையில் உடனே பிடிக்கும் எஞ்சின்தான் மலைநாட்டில் சிறந்த விளம்பரம்.

படமும் விளம்பரமும்

கழுவிய வண்டியை மேகமூட்டமான பகலில் சமதரையில் நிறுத்திப் படம் எடுங்கள். சேற்றில் பாயும் படம் ஒன்று போதும். அதற்குமேல் போட்டால் அடிபட்ட வண்டி என்றுதான் எண்ணுவார்கள். செசியின் அடிப்பக்கம், எஞ்சின் அறை, டேஷ்போர்ட், துருப்பிடித்த இடங்கள் எல்லாவற்றையும் படமெடுங்கள். பதிவுப் புத்தகத்தின் படத்தைப் பொதுவில் போட வேண்டாம். நேரில் வருகிறவருக்குக் காட்டினால் போதும்.

விளம்பரத்தைச் சிங்களத்திலும் எழுதுங்கள். நன்றாக எழுதத் தெரிந்த நண்பரிடம் கேளுங்கள். வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“லேண்ட் ரோவர் சீரீஸ் 3, 88 இஞ்ச். இசுசு 4ஜேபி1 டீசல் எஞ்சின், புத்தகத்தில் பதியப்பட்டது. என் பெயரில், லீசிங் இல்லை. லைசன், புகைச் சான்றிதழ் உண்டு. 2 இஞ்ச் லிஃப்ட், 31 இஞ்ச் மட் டயர் பாதித் தேய்மானம், முன் வின்ச். பிரேக் சர்வோ நல்ல நிலையில். குறைகள்: டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய்க் கசிவு, பின்பக்க செசிக் குறுக்குச் சட்டத்தில் துரு, பவர் ஸ்டியரிங் இல்லை. பழைய ஸ்பிரிங், ரிம் கூடவே தரப்படும். தலவாக்கலையில் பார்க்கலாம். காலையில் வந்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்.”

குறைகளை எழுதினால் ஆள் வரமாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டே வருவார்கள். வந்த பிறகு அதைக் காட்டி விலையைக் குறைக்க முடியாது.

பார்க்க வரும் நாள்

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். பொனெட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் விவரமானவர் பாதி நம்பிக்கையை அங்கேயே இழந்துவிடுவார். அவர் தன் பாஸை அழைத்து வந்தால் வரவேற்று, வண்டியடியில் படுக்க ஒரு சாக்கும் கொடுங்கள்.

முதலில் நீங்கள் ஓட்டிக் காட்டுங்கள். ஏற்றம், இறக்கம், ஒரு கரடுமுரடான தோட்டப் பாதை மூன்றும் இருக்கட்டும். ஃபோர் வீலையும் லோ கியரையும் மண் பாதையில் போட்டுக் காட்டுங்கள். தார் வீதியில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் கியர்களுக்குக் கேடு. பிறகு அவர் ஓட்டட்டும். அதற்குமுன் அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள், நீங்களும் கூடவே இருங்கள். உயர்த்திய வண்டி வளைவில் சாயும் விதம் புதியவருக்குப் பழக்கமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

“அண்ணே, கடைசி விலை சொல்லுங்க” என்று ஃபோனிலேயே கேட்பவர்களிடம் விலை பேச வேண்டாம். “வண்டியைப் பாருங்க தம்பி, பிறகு பேசுவோம்” என்பதே போதும். புரோக்கர் நடுவில் வந்தால் அவருடைய தரகுத் தொகையை யார் கொடுப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். பழைய வண்டிக்கு லீசிங் எளிதில் கிடைக்காது என்பதால் பெரும்பாலும் கைக்காசுதான். அதனால் முழுத் தொகையோடு தயாராக இருப்பவருக்குக் கொஞ்சம் இறங்கிக் கொடுப்பதில் தவறில்லை.

காசும் கையெழுத்தும்

முற்பணம் வாங்கினால் எழுத்தில் வாங்குங்கள். மீதி எந்தத் தேதிக்குள், தவறினால் முற்பணம் என்னாகும் என்று அதில் இருக்கட்டும். முழுத் தொகையை வங்கிக்குள் வைத்துப் பெறுவதே நல்லது. உங்கள் கணக்கில் விழுந்ததை நீங்களே பாருங்கள். ஃபோனில் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை நம்பி சாவியைக் கொடுக்காதீர்கள்.

உரிமை மாற்றத்துக்கு விற்பவர் எம்டிஏ 6, வாங்குபவர் எம்டிஏ 8 படிவங்களை நிரப்ப வேண்டும். வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் வெறும் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கவே வேண்டாம். அந்த ஓபன் பேப்பரோடு வண்டி எத்தனை கை மாறினாலும் பதிவில் நீங்கள்தான் உரிமையாளர். விபத்து நடந்தாலும், திருட்டு மரம் ஏற்றிப் பிடிபட்டாலும் பொலிஸ் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். முடிந்தால் வாங்குபவரோடு சேர்ந்து போய் அன்றே கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் உங்கள் படிவத்தைத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு விற்பனைக் கடிதம் எழுதுங்கள். இருவரின் அடையாள அட்டை இலக்கம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், மீட்டர் கணக்கு, தொகை, செய்யப்பட்ட மாற்றங்கள், சொல்லப்பட்ட குறைகள், சாவி கைமாறிய தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கட்டும். நேரம் முக்கியம், மாலை நான்கு மணிக்குக் கொடுத்த வண்டி ஆறு மணிக்கு விபத்தில் சிக்கினால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குத் துணை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திடட்டும்.

உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். வாங்குபவர் தன் பெயரில் காப்புறுதி எடுத்த பிறகே வண்டி வாசலைவிட்டுப் போகட்டும். பழைய ரசீதுகள், வயரிங் குறிப்பு, எந்த எஞ்சின் பெல்ட் எந்த அளவு, கிளட்ச் பிளேட் எந்த வண்டியினுடையது என்ற பட்டியல் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக் கொடுங்கள். மாற்றியமைத்த வண்டியில் எது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பட்டியல் இல்லாமல் அடுத்தவர் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்குவார். சில வாரம் கழித்து, பதிவு புதியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று திணைக்களத்தில் விசாரியுங்கள். மாறாவிட்டால் வாங்கியவருக்கு அழைத்துச் சொல்லுங்கள். அப்போதும் நடக்காவிட்டால் பதிவுத் தபால் ரசீதையும் விற்பனைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நீங்களே அலுவலகத்துக்குப் போங்கள்.